‘பென்ஹர்’ 1959-இல் தொடங்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய விவிலியக் காவியப் படங்களை இக்காலத்தில் மீண்டும் எடுப்பது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். புதிதாக எடுக்கப்பட்டவற்றுள் ஒன்றுகூடத் தேறவில்லை என்பதும், கணினி வரைகலையே அதற்குக் காரணம் என்பதும், மூலப்படங்களை யாரும் தொடாமல் விட்டிருக்க வேண்டும் என்பதும் கட்டுரையாளரின் முடிவுகள். முதலாவதைப் பெருமளவு ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டிலும் அவர் சறுக்கியிருக்கிறார். மூலம் என்று அவர் கொண்டாடும் ‘பென்ஹர்’ (1959), ‘பத்துக் கட்டளைகள்’ (1956) ஆகிய இரண்டு படங்களுமே மறுஆக்கங்கள் என்பது அவர் கண்ணில் படாமல் போனதுதான் அந்தச் சறுக்கலின் தொடக்கம். நான் திரைத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். ஆண்டுகளைச் சரிபார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் விட்டபாடில்லை. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

‘பென்ஹர்’ நாவலை லூ வாலஸ் வெளியிட்டது 1880-இல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் தளபதியாக இருந்த அவர், நியூ மெக்சிகோ பிரதேசத்தின் ஆளுநராகப் பணியாற்றியபோது அதை எழுதி முடித்தார். 1876-இல் ஒரு ரயில் பயணத்தில் ராபர்ட் இங்கர்சால் என்ற புகழ்பெற்ற இறைமறுப்புப் பேச்சாளரோடு உரையாட நேர்ந்ததும், தம் சமயத்தைப் பற்றித் தமக்கு எவ்வளவு குறைவாகத் தெரியும் என்று அப்போது அவர் வெட்கப்பட்டதும் அந்த நாவலுக்கு உரமாயின. 1899-இல் நியூயார்க்கில் அது மேடை நாடகமாயிற்று; உருளும் பட்டைகளின்மேல் நிஜக் குதிரைகளை ஓடவிட்டு மேடையிலேயே ரதப் பந்தயம் காட்டினார்கள். 1907-இல் கேலம் என்ற நிறுவனம் யாரிடமும் கேட்காமல் கால் மணி நேர ஊமைப்படமாக அதை எடுத்துவிட்டது. பதிப்பாளர் தரப்பு வழக்குத் தொடுத்து, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், நாவலைப் படமாக்குவதற்கும் உரிமை பெற்றாக வேண்டும் என்று 1911-இல் தீர்ப்பாயிற்று. கதை உரிமைக்காக இன்று பணம் பெறும் எழுத்தாளர்கள் எல்லாரும் அந்தத் திருட்டுப் படத்துக்கு ஒருவகையில் கடன்பட்டவர்களே. பிறகு 1925-இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக ஃபிரெட் நிப்லோ இயக்க, ரமோன் நவாரோ நடித்த பெரிய ஊமைப்படம் வந்தது. ஏறத்தாழ 39 லட்சம் டாலர் விழுங்கிய அந்தப் படத்தின் ரதப் பந்தயத்தைப் படம்பிடித்தபோது மைதானத்தில் ஓடியாடி வேலை செய்த உதவி இயக்குநர்களுள் ஓர் இளைஞரின் பெயர் வில்லியம் வைலர். 34 ஆண்டுகளுக்குப் பிறகு, 1959-இல் அதே கதையை அதே நிறுவனத்துக்காக அவர் மீண்டும் எடுத்தார். கட்டுரையாளர் ‘மூலப்படம்’ என்று குறிப்பிடுவது இதைத்தான்.

‘பத்துக் கட்டளைகள்’ கதை இன்னும் நேரானது. சிசில் பி. டெமில் அதை 1923-இல் ஊமைப்படமாக எடுத்தார். 1956-இல் தாம் எடுத்ததையே தாமே மறுபடியும் எடுத்தார். முதற்படத்துக்காகக் கலிபோர்னியாவின் குவாடலூப் மணற்குன்றுகளில் எழுப்பிய எகிப்திய நகரத்தைப் படப்பிடிப்பு முடிந்ததும் அங்கேயே மண்மூடச் செய்தார். அங்கே புதைந்த, மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட சாந்துச் சிலைகளை இந்த நூற்றாண்டில் தொல்லியலாளர்கள் தூரிகை கொண்டு தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த ஊமைப்படத்தில், எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த எபிரேயரை மீட்ட மோசேயின் கதை முற்பகுதி மட்டுமே. பிற்பகுதி முழுவதும் அன்றைய அமெரிக்காவில் நடக்கும் அண்ணன் தம்பி கதை. கட்டளைகளை எள்ளி நகையாடும் ஒருவன் ஒப்பந்ததாரராகி, மட்டமான கான்கிரீட்டைக் கொண்டு தேவாலயம் கட்டுகிறான். சுவர் இடிந்து அவன் தாயே அதனடியில் சாகிறாள். (பாலங்களையும் பள்ளிக் கட்டடங்களையும் பற்றி நம் ஊர்ச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்தப் பாதி பழையதாகத் தோன்றாது.) 1956-இல் டெமில் அந்த நவீனப் பாதியை முழுவதும் நீக்கிவிட்டு, மோசேயை மட்டும் வைத்து 220 நிமிடப் படம் எடுத்தார். மறுஆக்கம் கூடாது என்ற விதி அன்று இருந்திருந்தால், நாம் போற்றுகின்ற அந்தப் படம் இருந்திராது. தென்னிந்தியாவிலும் இதற்கு இணை உண்டு. தெலுங்கில் 1934-இல் ‘லவகுசா’வை இயக்கிய சி. புல்லய்யாவே பிற்காலத்தில் அதை வண்ணத்தில் எடுக்கத் தொடங்கினார்; அவருடைய மகன் சி.எஸ்.ராவின் பெயரும் சேர்ந்து 1963-இல் அது வெளியாயிற்று. அரிச்சந்திரன் மயானத்துக்குப் போவான் என்று தெரிந்துகொண்டே விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தெரிந்த கதையை ஏன் மறுபடியும் சொல்கிறார்கள் என்று கேட்க நமக்கு வாய் வரலாகாது.

கணினிதான் கெடுத்தது என்ற வாதத்தையும் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1923-இல் செங்கடலை டெமில் எப்படிப் பிளந்தார்? ஜெல்லிப் பாளத்தை அலை வடிவத்தில் செதுக்கி, வெப்பமூட்டி உருகவிட்டுப் படம்பிடித்து, சுருளைப் பின்னோக்கி ஓட்டினார்கள். உருகி வீழ்ந்தது திரையில் பிரிந்து எழுந்தது. 1956-இல் பெரிய தொட்டிக்குள் தண்ணீரைக் கொட்டி, அதையும் பின்னோக்கி ஓட்டி, வேறு பல காட்சித் துண்டுகளோடு ஒட்டினார்கள். அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கார் விருது அந்த வேலைக்குத்தான். வாங்கியவர் ஜான் ஃபுல்டன். 1959-இன் ‘பென்ஹர்’ கடற்போரில் மோதுகிற கப்பல்கள் தொட்டியில் மிதந்த சிறு மாதிரிகள். மறுபுறம், கட்டுரையாளர் ‘முழுக்க முழுக்கக் கணினி’ என்று ஒதுக்கிவிட்ட 2016-இன் ‘பென்ஹர்’ படத்துக்காக ரோம் நகரையொட்டி நிஜமாகவே ஒரு பந்தய மைதானம் கட்டப்பட்டது. நிஜக் குதிரைகள் ஓடின. ஜாக் ஹஸ்டனும் டோபி கெபெலும் ரதம் ஓட்டப் பயிற்சி பெற்று ஓட்டினார்கள். அன்றும் நிஜமும் வித்தையும் கலந்தே இருந்தன, இன்றும் அப்படியே.

அப்படியானால் வைலரின் பந்தயம் மட்டும் ஏன் இன்றும் நெஞ்சைப் பிடிக்கிறது? என் காதுக்கு எட்டிய காரணம் ஒன்றைச் சொல்கிறேன். மிக்லோஸ் ரோஜா அந்தப் படத்துக்கு எழுதிய இசை மிகப் பெரிது. பந்தயத்துக்கு முந்தைய அணிவகுப்புக்கு முழங்க முழங்க இசையமைத்திருக்கிறார். ஆனால் குதிரைகள் ஓடத் தொடங்கியதும் இசை அடியோடு நின்றுவிடுகிறது. ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களுக்குக் குளம்பொலி, சக்கர ஒலி, சாட்டை, கூட்டத்தின் இரைச்சல் இவை மட்டுமே. அந்தப் பகுதியை வடிவமைத்த ஆண்ட்ரூ மார்ட்டனும் சாகசக் கலைஞர் யகீமா கனுட்டும் 18 ஏக்கர் பரப்பிலான களத்தில் ஒவ்வொரு ரதமும் எங்கே இருக்கிறது என்பதை நாம் ஒரு கணமும் மறக்கவிடவில்லை. கனுட்டின் மகன் ரதத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட நிஜ விபத்துகூடப் படத்தில் அப்படியே இருக்கிறது. அவர் சிறு காயத்தோடு பிழைத்தார். அந்தப் படப்பிடிப்பில் ஓர் ஓட்டுநர் இறந்துபோனார் என்று தங்கள் கட்டுரை எழுதியிருப்பது நெடுங்காலமாக உலவும் கட்டுக்கதை. 2016-இன் பந்தயத்திலோ கேமரா சக்கரத்தின் கீழும் குதிரையின் வயிற்றுக்கடியிலும் புகுந்து புறப்படுகிறது. யார் முன்னே, யார் பின்னே என்பது மட்டும் விளங்குவதில்லை. ரேக்ளா பந்தயத்தைச் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு, வண்டி தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து பெரிதாகிக்கொண்டே வருகிற அந்த நேரந்தான் பதற்றம் என்பது தெரியும். கணினியைக் கொண்டும் அந்த நேரத்தைக் கொடுக்கலாம். கொடுக்க மனம் வர வேண்டும்.

இனி, முக்கியமாக நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இன்றைய மறுஆக்கங்களில் பலவற்றைக் கெடுப்பது கூச்சம். தாம் சொல்ல எடுத்துக்கொண்ட கதையைப் பற்றித் தாமே கூச்சப்படுகிறார்கள். கடல் பிளந்தது என்று சொல்லவும் நா எழவில்லை, பிளக்கவில்லை என்று சொல்லவும் துணிவில்லை.

இதை எனக்கு முதலில் உணர்த்தியவர் என் பாட்டி. எழுபதுகளின் இறுதியில் திருநெல்வேலியில் ஒரு திரையரங்கில் டெமிலின் படத்தை மறுவெளியீடாகப் போட்டபோது என்னை அழைத்துக்கொண்டு போனார். அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. மோசேயின் கதையைச் சொல்லும் விவிலிய நூலான யாத்திராகமம் முழுவதும் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தவர், மோசேயின்மேல் மையல்கொண்ட நெஃப்ரெதிரி அரசி திரையை நிறைத்தவுடன் திகைத்து, “இந்தப் பொம்பள எந்த அதிகாரத்துல வாரா?” என்று கேட்டார். எந்த அதிகாரத்திலும் இல்லை. மோசேயின் இளமையைப் பற்றி வேதம் சொல்லாமல் விட்டதை பண்டைய யூத எழுத்தாளர்களான யோசேப்பஸ், ஃபிலோ ஆகியோரிடமிருந்தும், மித்ராஷ் என்ற யூத வேத விளக்க மரபிலிருந்தும், போதாததற்குத் தம் கால நாவல்களிலிருந்தும் டெமில் நிரப்பிக்கொண்டார். செங்கடல் பிளந்தபோது அரங்கமே ஆரவாரித்தது. பாட்டி மட்டும், “ராமுழுக்கக் காத்தடிச்சதே, அதைக் காட்டலியே” என்றார். அவர் சொன்னது சரி. யாத்திராகமம் 14-ஆம் அதிகாரத்தில், மோசே கையை நீட்டியதும் கர்த்தர் இராமுழுதும் பலத்த கீழ்காற்றினால் கடலை ஒதுங்கச் செய்கிறார். அது ஓர் இரவு முழுவதும் நீளுகிற நிகழ்ச்சி. டெமில் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டார். ஆயினும் பாட்டி வீடு திரும்பும்வரை மனநிறைவோடு பேசிக்கொண்டு வந்தார். பெண்பாத்திரத்தைச் சேர்த்ததையும் காற்றை விட்டதையும் மன்னித்துவிட்டார்; ஏனென்றால் கடல் பிளந்ததைப் பற்றி டெமிலுக்குத் துளி ஐயமும் இருந்ததாக அவருக்குத் தோன்றவில்லை.

அதே கதையை ரிட்லி ஸ்காட் 2014-இல் 14 கோடி டாலர் செலவில் எடுத்த ‘எக்ஸோடஸ்: காட்ஸ் அண்ட் கிங்ஸ்’ படத்தைப் பார்த்தபோது பாட்டியை நினைத்துக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், அவர் கேட்ட இரவு இதில் இருக்கிறது. வழி தப்பிக் கடற்கரையில் நிற்கும் மோசே மனமுடைந்து வாளைக் கடலில் எறிந்துவிட்டு உறங்குகிறான். விடியலில் கண்விழித்தால் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. எறிந்த வாள் நீரோட்டத்தில் செங்குத்தாக நிற்கிறது. வேத வாசகத்தின் மெதுவான நடைக்கு டெமிலைவிட ஸ்காட்டே நெருங்கியிருக்கிறார். ஆனால் நிலநடுக்கத்துக்குப் பின் கடல் உள்வாங்குவதாக அதை அமைத்திருப்பதாகவும், சுவர்போல நீர் எழுவதில் தமக்கு நம்பிக்கையில்லை என்றும் அவரே பேட்டிகளில் விளக்கினார். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, கடல் உள்வாங்கும் காட்சியை விடுதலையின் அடையாளமாகப் பார்க்க நம் கடற்கரைக்காரர்களால் முடியுமா என்பது வேறு கேள்வி.

அந்தப் படம் முழுவதும் இப்படியே. மலைச்சரிவில் கல் விழுந்து மோசேயின் தலையில் அடிபட்ட பிறகுதான் எரியும் முட்செடி தெரிகிறது. கடவுளின் சார்பில் பேசவரும் சிறுவன் மோசேயின் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான்; மறைந்திருந்து பார்க்கும் தோழன் யோசுவாவுக்கு, மோசே வெறும் காற்றோடு பேசுவதாகத் தெரிகிறது. நைல் நதி இரத்தமாவதற்கு முதலைகள் ஆட்களைக் கிழிப்பது காரணமாகிறது. பின்னர் அரசவை அறிஞர் ஒருவர் எழுந்து, ஆற்றில் சேறு கலந்ததால் இது, இதனால் தவளை, தவளை செத்ததால் ஈ என்று பார்வோனுக்குப் பாடம் நடத்துகிறார். ஒவ்வோர் அற்புதத்துக்கும் மருத்துவச் சான்றிதழ் இணைத்து அனுப்பியதுபோல இருக்கிறது. தலைப்பிள்ளைகள் சாகும் பத்தாவது வாதைக்கு மட்டும் ஸ்காட்டால் எந்தச் சான்றிதழும் தேட முடியவில்லை. நிழல் ஒன்று நகரத்தின்மேல் படர்கிறது, விளக்குகள் அணைகின்றன, குழந்தைகளின் மூச்சு நிற்கிறது. இறந்த மகனைக் கைகளில் ஏந்திவந்து, குழந்தைகளைக் கொல்கிறவனா உங்கள் கடவுள் என்று பார்வோன் கேட்கும்போது நமக்கு அடிவயிறு கலங்குகிறது. படத்தில் உயிருள்ள பகுதி அந்தப் பத்து நிமிடந்தான். விளக்கம் சொல்ல வழியில்லாத இடத்தில் இயக்குநர் கதையிடம் தம்மை ஒப்புக்கொடுத்துவிட்டார்.

ஒருவகையில் எகிப்தும் இந்த வேறுபாட்டுக்குச் சாட்சி. டெமில் 1954-இல் எகிப்துக்கே சென்று படம்பிடித்தார். நெஞ்சுவலி கண்ட பிறகும் முதுமையில் அந்த வேலையை விடவில்லை. ஸ்காட்டோ ஸ்பெயினில் எகிப்தைக் கட்டினார். படத்தில் வரலாற்றுப் பிழைகள் இருப்பதாகச் சொல்லி எகிப்திய அரசு திரையிடத் தடை விதித்தது. ஐக்கிய அரபு அமீரகமும் தடுத்தது. நம்பிக்கையுள்ளவர்களையும் நம்பிக்கையற்றவர்களையும் ஒரே மூச்சில் மகிழ்விக்கப் போனவர் இரு தரப்பிலும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

2016-இன் ‘பென்ஹர்’ வேறுவகைக் கூச்சம் கொண்டது. இதன் இயக்குநர் திமூர் பெக்மாம்பெதோவ்; தயாரிப்பாளர்களுள் மார்க் பர்னெட்டும் ரோமா டௌனியும் 2013-இல் ‘தி பைபிள்’ தொலைக்காட்சித் தொடரைத் தந்தவர்கள். மெல் கிப்சன் 2004-இல் ஏறத்தாழ மூன்று கோடி டாலரில், அரமேயத்திலும் லத்தீனிலும் எடுத்த இயேசுவின் பாடுகள் படம் உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது முதலே, தேவாலயத்துக்குப் போகும் பார்வையாளர்களை ஒரு தனிச் சந்தையாக ஹாலிவுட் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அந்தச் சந்தையும் வேண்டும், அதிரடிப் படம் பார்க்கும் இளைஞர்களும் வேண்டும் என்று ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நின்ற படம் இது. செலவு சுமார் 10 கோடி டாலர். உலகம் முழுவதும் வசூலான தொகை அதற்கும் குறைவு. 1959-இன் படம் 212 நிமிடங்கள். இது இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டுகிறது. சுருக்கியதில் எது போயிற்று என்று பாருங்கள். வைலரின் படத்தில், துடுப்படிமையாகக் கிடந்த கதைநாயகன் யூதா பென்ஹர், கடற்போரில் ரோமானியத் தளபதி குவின்டஸ் அரியஸைக் காப்பாற்றி, அவருடைய வளர்ப்பு மகனாகி, ரோமில் பெயரும் செல்வமும் பெறுகிறான். தன்னை அழித்த பேரரசே தன்னை மகனாக ஏற்கும் அந்த விசித்திரத்துக்குப் பின், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவன் எருசலேமுக்குத் திரும்புவதில்தான் கதையின் எடை இருக்கிறது. புதிய படத்தில் தத்து இல்லை, ரோம் இல்லை; கரை ஒதுங்கியவன் நேரே, ரதக் குதிரைகள் வைத்திருக்கும் ஷேக் இல்டெரிமின் கூடாரத்துக்கு வந்து சேர்கிறான். இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் பழிவாங்கக் கிளம்புவதில் என்ன தடுமாற்றம் இருக்க முடியும்?

இயேசுவைக் காட்டிய முறையில் அந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. 1959-இன் படத்தில் அவருடைய முகத்தை நாம் பார்ப்பதே இல்லை, குரலைக் கேட்பதும் இல்லை. நாசரேத்தில் கைதிகளை ஓட்டிச்செல்லும்போது யூதாவுக்கு மட்டும் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று வீரர்களின் தலைவன் ஆணையிட, தச்சர் ஒருவர் வந்து குனிந்து நீர் புகட்டுகிறார். தடுக்க வந்த ரோமானியன் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிறான். கை தளர்கிறது, பார்வையைத் திருப்புகிறான், மறுபடியும் பார்க்கிறான், விலகிப் போகிறான். அந்த முரடனின் முகத்தில் நாம் அந்த முகத்தைப் படித்துக்கொள்கிறோம். புதிய படத்தில் ரொட்ரிகோ சான்டோரோ இயேசுவாக நடித்திருக்கிறார். நல்ல நடிகர், குறை சொல்ல ஒன்றுமில்லை. எருசலேமின் தெருவில் மரவேலை செய்துகொண்டே பகைவரை நேசியுங்கள் என்று யூதாவுக்கு அறிவுரை சொல்கிறார். படத்தின் கருத்து பார்வையாளருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற அச்சம் அங்கே தெரிகிறது. மறைப்பதில் இருந்த துணிவு, காட்டியதில் இல்லை.

முடிவும் அப்படித்தான். வைலரின் படத்தில், யூதாவின் நண்பனாயிருந்து பகைவனான ரோமானியன் மெசாலா பந்தயத்தில் நசுங்கி, பகையைக் கைவிடாமலே சாகிறான். உன் தாயையும் தங்கையையும் தொழுநோயாளர் பள்ளத்தாக்கில் தேடிக்கொள் என்று கடைசி நஞ்சையும் கக்கிவிட்டுத்தான் சாகிறான். பழிவாங்கி முடித்த பிறகும் யூதாவின் நெஞ்சில் வெறுப்பு தணியவில்லை. சிலுவையடியில் கேட்ட குரல் தன் கையிலிருந்த வாளை எடுத்துவிட்டது என்று பின்னர் தன் காதலி எஸ்தரிடம் சொல்கிறான். 2016-இல் மெசாலா ஒரு காலை இழந்து பிழைத்துக்கொள்கிறான், நண்பர்கள் தழுவிக்கொள்கிறார்கள், எல்லாரும் சேர்ந்து பயணம் புறப்பட, இன்றைய பாணிப் பாடலொன்று ஒலிக்கிறது. வாலஸின் நாவலிலும் மெசாலா பந்தயத்தோடு சாகவில்லை என்பதால் அவன் பிழைத்ததைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். மன்னிப்பை இவ்வளவு மலிவாகக் கொடுத்ததைத்தான் சொல்கிறேன். மன்னிக்க வேண்டியவன் எதிரே நின்று அழுதால் மன்னிப்பது எளிது. செத்துப்போனவனை, கடைசிவரை வருந்தாதவனை மன்னிப்பது எப்படி என்பதல்லவா பழைய படம் கேட்ட கேள்வி?

மூலத்தை விட்டு விலகுவதே குற்றம் என்று நான் வாதிடுவதாகக் கட்டுரையாளர் எண்ணிவிடக் கூடாது. டேரன் அரனாஃப்ஸ்கியின் ‘நோவா’வை (2014) அவர் இதே பட்டியலில் சேர்த்துத் தள்ளியிருப்பது எனக்கு வருத்தம். அது எந்தப் பழைய படத்தின் மறுஆக்கமும் அன்று. ஆயினும் பழைய காவியப் படங்களின் வரிசையில் வந்ததுதான். பாறை உடல் கொண்ட காவலர்கள் பேழை கட்ட உதவுகிறார்கள்; ஏனோக்கின் நூல் என்ற பழைய யூத நூலிலும் யூத மரபிலும் வேர்கொண்ட கற்பனை அது. பிறக்கப்போகும் பேரக்குழந்தையைக் கொல்லவும் நோவா துணிகிறான். இசுலாமிய நாடுகள் பலவற்றில் தடை. அமெரிக்கக் கிறித்தவ ஒலிபரப்பாளர்களின் வேண்டுகோளுக்கிணங்க, இது கதையால் தூண்டப்பெற்ற படைப்பே என்ற அறிவிப்பை விளம்பரங்களில் சேர்க்க நேர்ந்தது. ஆனால் ஆதியாகமத்தைக் கூர்ந்து படித்தவர் எடுத்த படம் அது. வெள்ளம் வடிந்து, திராட்சரசம் குடித்து, ஆடை விலகிக் கிடந்து எழும்வரை வேதத்தில் நோவா ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. முதன்முதலாக வாய் திறப்பது சபிப்பதற்காக. உலகமே மூழ்கியதைப் பார்த்தவன் அதற்குப் பிறகு எப்படி உறங்குவான் என்ற கேள்வி அந்த மௌனத்துக்குள் இருக்கிறது. அரனாஃப்ஸ்கி அதைத் தொட்டார், குடித்துக் கிடந்த காட்சியையும் மறைக்காமல் வைத்தார். 12.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் 35 கோடிக்கு மேல் ஈட்டியது.

பக்தி இருந்தால்தான் இத்தகைய படம் எடுக்க முடியும் என்பதும் என் கட்சி அன்று. இத்தாலியின் பசோலினி இறைநம்பிக்கையற்றவர், மார்க்சியர். 1964-இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியபோது, அந்நூலில் இல்லாத வசனம் ஒன்றைக்கூடச் சேர்க்காமல், தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்து, மத்தேரா என்ற கல்நகரத்தில் எடுத்தார். முதுமை எய்திய மரியாளாகத் தம் தாயையே நடிக்கவைத்தார். நம்பாத ஒருவர், நம்பிக்கையாளரின் நூலுக்கு முன் கைகட்டி நின்று கேட்டிருக்கிறார். கிப்சனின் படத்துக்கும், 2016-இன் ‘பென்ஹர்’ படத்துக்கும் அதே மத்தேராவில் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. ஊர் ஒன்றுதான், போனவர்களின் மனம் வெவ்வேறு.

ஒரு வகையில் புதியவர்கள் பழையவர்களைவிட நேர்மையானவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1959-இல் அரேபிய ஷேக்காக நடித்தவர் வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த ஹியூ கிரிஃபித். முகத்தில் பழுப்பு மை பூசி நடித்ததற்கு ஆஸ்காரும் வாங்கினார். அந்தப் படத்துக்குக் கிடைத்த 11 விருதுகளுள் அதுவும் ஒன்று. 2016-இல் அதே பாத்திரத்தில் மார்கன் ஃபிரீமேனும், எஸ்தராக ஈரானில் பிறந்த நசனின் போனியாதியும் நடித்தார்கள். ஸ்காட்டின் படத்தில் எகிப்தியரும் எபிரேயரும் வெள்ளையராகவே இருப்பதைக் கண்டித்துப் பெருங்கூச்சல் எழுந்தது நியாயமே. ஆனால் டெமிலின் படத்தில் மோசேயாக நடித்தவர் ஓர் அமெரிக்கர், பார்வோனாக நடித்தவரோ ரஷ்யாவின் விளாதிவோஸ்தோக்கில் பிறந்தவர். பழைய படத்துக்கு அந்தக் கண்டனத்திலிருந்து விலக்கு அளிப்பது ஏன் என்று விளங்கவில்லை. டெமில் தம் படத்தின் தொடக்கத்தில் திரைச்சீலைக்கு முன்னால் தாமே வந்து நின்று, மனிதர்களை ஆள வேண்டியது கடவுளின் சட்டமா, ராம்சேசைப் போன்ற சர்வாதிகாரியின் மனம்போன போக்கா என்று கேட்கிறார். பனிப்போர்க் காலத்து அமெரிக்காவில் அந்தக் கேள்வி யாரைக் குறிவைத்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. காலத்தின் அரசியல் கலவாத மூலப்படம் என்று ஒன்றும் இல்லை.

தங்களிடம் வேண்டுவது இரண்டு. 1959-இன் ‘பென்ஹர்’ படப்பிடிப்பில் உயிரிழப்பு நேர்ந்தது என்ற செய்தியையும், அதுவே முதற்படம் என்ற குறிப்பையும் அடுத்த மலரில் திருத்தி வெளியிடுங்கள். அடுத்ததாக, 1925-இன் ஊமைப்படத்தைப் பற்றி இளைஞர் யாரையேனும் எழுதச் சொல்லுங்கள். அமெரிக்கச் சட்டப்படி அதன் காப்புரிமை 2021 தொடக்கத்தோடு முடிந்துவிட்டது. எனவே இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கிறிஸ்து பிறப்புக் காட்சி உள்ளிட்ட சில பகுதிகள் அக்கால இருநிற டெக்னிகலரில் இருக்கும். ரதப் பந்தயம் கறுப்பு வெள்ளைதான். என் பேரன் கைப்பேசியை வைத்துவிட்டு அந்தப் பந்தயத்தை முழுவதும் பார்த்தான், முடிந்ததும், “இதுக்கு அப்புறம் எதுக்குத் தாத்தா இன்னொரு தடவ எடுத்தாங்க?” என்று கேட்டான். 1959-இன் படத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டுக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.